தோட்டத்தின் காவலர்கள்

தோட்டத்தில் தெளிக்கும் நஞ்சை 'மருந்து' என்று அழைப்பது உழவர் வழக்கு. மருந்து, நோய் தீர்ந்தபின் நிறுத்தப்படுவது. செயற்கைப் பூச்சிக்கொல்லியோ ஒருமுறை தெளித்தால் மறுமுறையும் தெளிக்கவேண்டிய தேவையை உண்டாக்குகிறது. தீமை செய்யும் பூச்சிகளோடு அவற்றை உண்டு வாழும் பொறிவண்டு, சிலந்தி, குளவி முதலியவற்றையும் அது அழிக்கிறது. தப்பிப் பிழைக்கும் பூச்சிகளின் வழித்தோன்றல்கள் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் பெறுகின்றன. காவலர் இழந்த தோட்டத்தில் பல்கிப் பெருகுகின்றன. சமைக்காமல் உண்ணும் பழங்களிலும், சில நாள்களுக்கு ஒருமுறை பறிக்கும் காய்களிலும் நஞ்சின் எச்சம் தங்குவது மேலும் கவலைக்குரியது.

பப்பாளி கற்பித்த பாடம்

2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. நடு அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து வந்த அப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களைப் பெரிதும் சேதப்படுத்தியது. அதன் உடலைப் போர்த்திய வெண்ணிற மெழுகுப் படலம், தெளித்த நஞ்சை உள்ளே செல்லவிடாமல் தடுத்தது. தாயகத்தில் அதனை அடக்கிவைத்திருந்த இயற்கை எதிரிகள் இங்கு இல்லாமையே அதன் பெருக்கத்திற்குக் காரணம் என்பதை அறிவியலாளர்கள் உணர்ந்தனர். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. பெங்களூரில் சோதித்துப் பார்த்தபின் அவை பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. அவற்றுள் 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும் குளவி ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே உண்டு வளரும். நஞ்சால் அடங்காத பூச்சி இவ்வாறு கட்டுக்குள் வந்தது.

உழவர் கைக்கெட்டும் வழிகள்

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவிற்கு இனக்கவர்ச்சிப் பொறி உதவும். பெண் அந்துப்பூச்சியின் மணத்தை நாடிவரும் ஆண் அந்துப்பூச்சிகள் அதில் சிக்கும். தக்காளி வரிசைகளுக்கிடையே செண்டுமல்லியை நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் மொட்டுகளையே நாடி முட்டையிடும். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கித் தெளித்தால், பூச்சிகள் இலையைத் தின்பதும் வளர்வதும் தடைப்படும். வெயிலில் அதன் ஆற்றல் குறையுமாதலால் மாலையில் தெளிப்பதே சிறந்தது.

இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது எனக் கருதுதல் தவறு. புகையிலையில் உள்ள நிக்கோட்டினும் கொடிய நஞ்சே. எனவே, 'இயற்கை' என்னும் பெயரைக்கொண்டு ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தல் போதாது. எந்த உயிர் எதனை உண்டு வாழ்கிறது என்னும் அறிவே தேர்வுக்கு அடிப்படையாதல் வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

இம்முறைகளின் பயன் மெதுவாகவே வெளிப்படும். இவற்றுக்கு உழைப்பும் மிகுதி. கடன் வாங்கிப் பயிரிட்ட உழவரிடம் 'பொறுத்திருங்கள்' என்று கூறிவிட்டு விலகிநிற்பது அறமன்று. மாவுப்பூச்சியைத் தனியொரு உழவர் வென்றிருக்க இயலாது. ஆய்வகமும் அரசும் உழவரும் ஒன்றுபட்டதனாலேயே அவ்வெற்றி கிட்டியது. நன்மை செய்யும் உயிரிகள் விதையையும் உரத்தையும் போல எளிதில் கிடைக்க வேண்டும். சிறு புள்ளி விழுந்த காயை ஒதுக்கும் நுகர்வோரும் தம் கண்ணோட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பழுதற்ற தோற்றத்தையே நாம் விலைகொடுத்து வாங்கும்வரை, நஞ்சைக் கைவிடுமாறு உழவரிடம் மட்டும் கேட்பதில் நியாயம் இல்லை.