கணக்கை வாசிக்கக் கற்போம்

நமது சங்கங்களில் கணக்கு எழுதுவோர் பலர். எழுதிய கணக்கை வாசிப்போர் சிலரே. ஐந்தொகை தயாராகித் தணிக்கை முடிந்ததும் பேரேடு அலமாரிக்குள் போய்விடுகிறது. இப்பொழுது அப்பேரேடு கணினிக்குள் புகுந்து வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அலமாரி மாறுவதனால் மட்டும் வாசிப்போர் தொகை பெருகிவிடுமா? வாசிக்கும் கலையை நாமே கற்றாக வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குரிய கருவிகளுள் ஒன்று, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘பவர் பிஐ டெஸ்க்டாப்’. விண்டோஸ் கணினியில் இதனை விலையின்றி நிறுவிக்கொள்ளலாம். பாடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அட்டவணையிலுள்ள எண்களை ஒரே பக்கத்தில் படங்களாகக் காட்டுவது இதன் பணி. அத்தகைய பக்கத்தைப் பொதுவாக டாஷ்போர்டு என்பர்.

சென்ற ஆண்டு, இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதனை வீட்டிலேயே பயின்றேன். நெசவாளர் சங்கமொன்றின் காரியதரிசியிடம் இசைவு பெற்று, அங்கத்தினர் பெயர்களை நீக்கிய கணக்கையே பாடமாகக் கொண்டேன். முதல் இரு வாரங்கள் பிழை களைவதிலேயே சென்றன. ஓரிடத்தில் ‘கோர்வைச் சேலை’ என்றும் மற்றோரிடத்தில் ‘கோர்வை சேலை’ என்றும் எழுதியிருந்தால், கருவி அவற்றை இரு ரகங்களாகவே எண்ணும். 5-4 என்பது ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ என்பதையும் நாமே சொல்லித் தரவேண்டும்.

பின்னர் மாத விற்பனையைப் படமாக்கினேன். தீபாவளி மாதம் கோபுரம்போல் உயர்ந்து நின்றது. பெருமிதத்துடன் சங்கத்தில் காட்டினேன். முதிய நெசவாளர் ஒருவர், “நன்றாயிருக்கிறது ஐயா, நாங்கள் நெய்து கொடுத்த சேலை எத்தனை நாளாக அலமாரியில் கிடக்கிறது என்பது இதில் தெரியுமா?” என்று வினவினார்.

என்னிடம் விடையில்லை. நாணத்துடன் வீடு திரும்பி, சேலை எண்வாரியாக வரவு வைத்த நாளையும் விற்ற நாளையும் பொருத்தினேன். தீபாவளி விற்பனையில் பெரும்பகுதி தள்ளுபடியில் போனதும், ஒரு ரகம் ஓராண்டுக்கு மேலாகத் தேங்கியிருப்பதும் வெளிப்பட்டன. தேங்கிய துணி முடங்கிய முதலாகும். முதல் முடங்கினால் நூல் வாங்கப் பணமில்லை. நூலின்றேல் தறி ஓயும். தறி ஓய்ந்தால் கூலியில்லை. உயர்ந்து நின்ற கோபுரம் இதனை மறைத்துவிட்டது.

ஆகவே கருவியோடு கேள்வியையும் கற்க வேண்டும். கேள்வி அங்கத்தினரிடம் இருக்கிறது. விதைப்புக்கு முன் உரம் வந்து சேர்ந்ததா, பயிர்க்கடன் பருவத்தில் கிடைத்ததா என்பவை விவசாயிகளின் கேள்விகள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படத்தை இணையத்தில் எவரும் காணும்படி வெளியிடும் வசதி இக்கருவியில் உண்டு. அங்கத்தினரின் கடனும் கூலியும் ஊரார் பார்வைக்கு உரியன அல்ல.

சங்கந்தோறும் பணியாளர் ஒருவரேனும் இதனைப் பயிலட்டும். தேக்க இருப்பைக் காட்டும் படமொன்றை அச்சிட்டு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். சங்கத்தின் உடைமையாளர் அங்கத்தினரே. கணக்கும் அவர்கள் கண்ணில் படவேண்டியதே.