எழுதி வைக்க வேண்டிய எண்

அலிப்பூர் என்றதும் கொல்கத்தாவில் வாழும் நம்மில் பலருக்கு பெல்வெடேர் மாளிகையும் அதிலுள்ள தேசிய நூலகமும் நினைவுக்கு வரும். 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் அந்நூலகத்தை அங்கே பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். 2010இல் மாளிகையைச் சீரமைக்க ஆராய்ந்தபோது, தரைத்தளத்தில் ஏறக்குறைய 1000 சதுர அடியில் வாயிலே இல்லாத ஓர் அறை இருப்பது தெரியவந்தது. புதையல் என்றனர் சிலர். சித்திரவதைக் கூடம் என்றனர் வேறு சிலர். முடிவில் உள்ளே இருந்தது மண்தான். கட்டடத்தைத் தாங்குவதற்காக நிரப்பப்பட்ட மண்.

வாயில் அடைபட்ட வீட்டுக் கணினிக்குள் இருப்பதோ மண் அன்று. வருமான வரிக் கணக்கு, ஓய்வூதிய ஆணையின் நகல், வைப்புத்தொகை ரசீதுகள், பேரக் குழந்தைகளின் படங்கள் ஆகியவை அதில் இருக்கின்றன. அலிப்பூரிலும் நியூ அலிப்பூரிலும் முதியோர் மட்டும் வாழும் வீடுகள் பல. பெங்களூருவிலோ அயல்நாட்டிலோ இருக்கும் மகன் விடுமுறையில் வந்து கணினியை அமைத்துத் தருகிறார். நிர்வாகிக் கணக்கு அவருடைய மின்னஞ்சலில் இருக்கிறது. சரிபார்ப்புக் குறியீடு அவருடைய பழைய கைப்பேசி எண்ணுக்குச் செல்கிறது. அந்த எண் கைவிடப்பட்டால், 90 நாள்களுக்குப் பின் அது வேறொருவருக்கு வழங்கப்படலாம். பிறகு ஒரு நாள் கணினி கடவுச்சொல்லை ஏற்க மறுக்கும்போது, பெற்றோர் தங்கள் வீட்டுப் பொருளுக்கே அயலார் ஆகிவிடுகின்றனர்.

முன்பெல்லாம் இதற்குக் கடைக்காரரிடம் மருந்து இருந்தது. ஒரு குறுந்தகட்டைச் செருகிக் கடவுச்சொல்லை அழித்துத் தந்துவிடுவார். அந்தக் காலம் மலையேறிவிட்டது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. 48 இலக்க மீட்பு எண் இல்லையேல் அத்தட்டில் உள்ளவற்றை எவராலும் படிக்க இயலாது. உருவாக்கிய நிறுவனமும் இதற்கு விலக்கன்று.

இது கொடுமை என்று முறையிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. உரியவர் எளிதில் உடைக்கக்கூடிய பூட்டைத் திருடனும் எளிதில் உடைப்பான். வங்கிப் பெட்டகத்தின் சாவி தொலைந்தால், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, எழுத்துமூலம் ஒப்புதல் பெற்று, அவர் செலவில் அதைத் திறக்க ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் வழி வகுத்துள்ளன. கணினியில் அந்த அடையாளச் சான்றும் ஒப்புதலும் எல்லாம் அந்த 48 இலக்கங்களே.

இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே நிற்கிறது. இரகசிய எண்ணை எங்கும் எழுதாதீர், எவரிடமும் சொல்லாதீர் என்று வங்கிகள் ஆண்டாண்டாக நமக்குப் போதித்து வந்துள்ளன. ஏ.டி.எம். எண்ணுக்கும் ஓ.டி.பி.க்கும் அது முற்றிலும் பொருந்தும். மறந்தால் வங்கி புதியது வழங்கும்; ஆகவே எழுதிவைக்கத் தேவையே இல்லை. மீட்பு எண்ணின் இயல்பு நேர்மாறானது. தொலைந்தால் அதை மீண்டும் வழங்குவார் இல்லை. ஆகவே எழுதியே வைக்க வேண்டும், அதுவும் தாளில். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான மென்பொருள் புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றை மீட்கச் சென்ற பல நிறுவனங்களிடம் இந்த எண்ணே கேட்கப்பட்டது. எண்களைச் சேமித்திருந்த கணினிகளும் சேர்ந்து முடங்கியிருந்ததால் சிலர் தவித்தனர். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர் கதைதான்!

எனவே வீட்டுப் பத்திரமும் காப்பீட்டு ஆவணமும் இருக்கும் உறையில் அந்தத் தாளும் இருக்கட்டும் என்கிறோம். கணினியில் நிர்வாகிக் கணக்குகள் இரண்டு இருக்கட்டும். ஒன்று அந்த வீட்டிலேயே வாழ்பவருடையதாக இருக்க வேண்டும். ஒருவர் கடவுச்சொல்லை மறந்தாலும், மறைந்தே போனாலும், மற்றவர் கதவைத் திறக்கலாம். அன்றாட வேலைக்கும் வங்கிப் பரிவர்த்தனைக்கும் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கே போதும். பழுது பார்க்க வருபவர் தம் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கை விட்டுச் செல்வது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. அதை நாம் சற்றும் ஏற்பதற்கில்லை.

ஏற்கெனவே வெளியே நிற்பவர் பதற வேண்டியதில்லை. திரையில் மீட்பு எண்ணின் அடையாளக் குறி தெரியும். கணினியை அமைத்தவர், எந்த ஊரில் இருந்தாலும், தம் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கைப்பேசியில் திறந்து, அந்தக் குறிக்குரிய எண்ணை வாசித்துச் சொல்லலாம். அவரது கணக்கின் பழைய தொடர்பு விவரங்கள் எல்லாவற்றையுமே மாற்ற நேர்ந்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாள்தான் ஆபத்தான காலம். பொறுமை இழந்து இணையத்தில் உதவி எண்ணைத் தேடுவோரை வளைத்துப் பிடிக்கவே போலி உதவி மையங்கள் இயங்குகின்றன. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை பல மாநிலங்களில் நடத்திய சோதனைகளில் இத்தகைய மையங்களும் இலக்காயின. கணினியை மீட்டுத் தருவதாகச் சொல்லி வங்கி எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் அன்றே அழையுங்கள்.