இரட்டைக் குழந்தை: இரண்டு கை போதாது!

ராஜபாளையத்தில் ஒரு வீடு. இரவு ஷிப்டு முடிந்து கணவர் நூற்பாலையிலிருந்து திரும்புகிறார். கூடத்தில் இரண்டு தூளிகள். ஒரு குழந்தை உறங்குகிறது. மற்றொன்று வீறிட்டு அழுகிறது. தாயோ இரவு முழுவதும் கண் மூடவில்லை.

"ஒரே பிரசவத்தில் இரண்டு! கொடுத்து வைத்தவள்!" என்று ஊரார் சொல்லுகிறார்கள். உண்மைதான். ஆனால், அந்தக் கொடுத்து வைத்தவள் சாப்பிட்டாளா என்று யாராவது கேட்டார்களா?

கணக்குப் பாருங்கள்

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். இரண்டு என்றால் 16 முதல் 24 தடவை! தடவைக்கு அரை மணி என்று வைத்துக்கொண்டால், 8 முதல் 12 மணி நேரம் அதிலேயே போய்விடும். ஆலையில் ஒரு ஷிப்டு 8 மணி நேரம். வீட்டிலே தாய்க்கு ஷிப்டு முடிவதே இல்லை!

ஆகவே, பால் கொடுப்பது தாயின் பங்கு. மற்ற வேலை எல்லாம் மற்றவர்கள் பங்கு.

குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது எல்லாம் தகப்பனால் முடியும். எந்தக் குழந்தை எப்போது குடித்தது, எத்தனை தடவை சிறுநீர் கழித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குடித்த குழந்தைக்கே மீண்டும் கொடுத்து, மற்றதைப் பட்டினி போடும் குழப்பம் வராது.

தாய் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பக்கத்து ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை போகும் கணவர், பால்கோவாப் பொட்டலத்தை நீட்டிவிட்டுத் திரும்பினால் போதாது. குழந்தைகளை வாங்கிக்கொண்டு, மனைவியை இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்ல வேண்டும்.

பால் போதுமா?

"இரண்டுக்கும் பால் பற்றாது" என்று பாட்டிமார் பயப்படுவார்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இரண்டு குழந்தைக்கும் பால் சுரக்கும். குழந்தைகளின் எடை ஏறவில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள். சேனை வைப்பதும், கழுதைப்பால் ஊற்றுவதும் வேண்டாம். 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் மாதம் நிறையுமுன் பிறக்கின்றன. எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும். குழந்தையைத் துணியில்லாமல் மார்போடு மார்பாக அணைத்து, மேலே போர்த்திக்கொள்வது நல்ல வழி. 1978-ல் கொலம்பியா நாட்டில், கருவிகள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை இது. இதைத் தகப்பனும் செய்யலாம். குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால், மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சட்டமும் ஆலையும்

சட்டப்படி, வேலை பார்க்கும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகள் வரை சம்பளத்துடன் 26 வாரம் விடுமுறை உண்டு. இரட்டைக் குழந்தை என்பதற்காக விடுமுறை இரட்டிப்பதில்லை. தனியார் ஆலையில் வேலை செய்யும் தகப்பனுக்கோ சட்டம் ஒரு நாள்கூடத் தரவில்லை. ஆலை முதலாளிகள் மனம் வைக்கலாம். இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் இரவு ஷிப்டு வேண்டாமே! ஆலைக்கு இது பெரிய நஷ்டம் அல்ல. அந்த வீட்டுக்குப் பெரிய லாபம்.

1887-ல் கர்நூலில் ஒரு தாய்க்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். உலக சபைகளில் இந்தியாவுக்காகப் பேசியவர். மற்றவர் லட்சுமணசாமி முதலியார். பிரசவ வைத்தியத்தில் பேர் பெற்ற டாக்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டு இருந்தவர்.

உங்கள் வீட்டு இரண்டு தூளிகளிலும் யார் உறங்குகிறார்கள் என்று யார் கண்டது? அவர்கள் நன்றாக வளர வேண்டும். அதற்கு முதலில் அவர்களுடைய தாய் கொஞ்சம் தூங்க வேண்டும்.