பிள்ளை எடை ஏறலைன்னா தாயைத் திட்டாதீங்க

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பிள்ளை எடை குறைஞ்சிருக்குன்னு சொன்னா, பட்டணத்து நண்பர்களுக்கு நம்ப முடியறதில்லை. "நெல்லு விளையிற பூமியில என்னங்க குறை? அந்தம்மாவுக்கு வளர்க்கத் தெரியலை" என்கிறார்கள். சிலர் அக்கறையாக டப்பா மாவும் வாங்கி அனுப்புகிறார்கள். பேச்சும் தப்பு, டப்பாவும் தப்பு.

முதல்ல டப்பா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம். இதைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் பால்மாவு, பால்புட்டி விளம்பரத்தையே 1992-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2003-ல் அதை இரண்டு வயசுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவு எல்லாத்துக்கும் நீட்டினார்கள்.

ஆறு மாசத்துக்கு மேல தாய்ப்பாலோட சாப்பாடும் வேணும். இங்கதான் ஊர்ல கோளாறு. வடிகஞ்சியைப் புகட்டிட்டு "வயிறு நிறைஞ்சிருச்சு"ன்னு படுக்க வைக்கிறோம். பிள்ளை வயிறு சின்னது. அதைத் தண்ணியால நிறைச்சா எடை எங்கேருந்து ஏறும்? கரண்டியைச் சாய்ச்சா சட்டுனு வழியாத பதத்துல இருக்கணும். குழைய வேகவைச்ச சோறு, பாசிப்பருப்பு, மேல ஒரு சின்னக் கரண்டி நெய் இல்லேன்னா எண்ணெய், அப்பப்போ முட்டை, கீரை. ஒன்பது மாசத்துக்கு மேல ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை. அங்கன்வாடியில சத்துமாவு சும்மாவே கொடுக்கிறாங்க.

இதுக்குக் காசு அதிகம் ஆகாது. ஆகிறது நேரம். அது யார்கிட்ட இருக்கு?

மேட்டூர்த் தண்ணி வந்தா நடவு. காலையில சேத்துல இறங்குற பொம்பளை மதியம் தாண்டித்தான் கரையேறுவா. நாலு மாசப் பிள்ளை பாட்டிகிட்ட. இங்க இவளுக்குப் பால் கட்டிக்கிட்டு வலிக்கும். அங்க பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி. பால் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். குடிக்காத பால் வத்திப்போகும். அப்புறம் "பால் பத்தலை, டப்பா வாங்கு"ம்பாங்க.

ஆபீஸ்ல வேலை பாக்குற பெண்ணுக்கு 2017-க்கு அப்புறம் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. ஐம்பது பேர் வேலை செய்ற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பாக்கலாம்னு சட்டமே சொல்லுது. நல்லது. நடவுக்காரிக்கு? ஒரு நாள் லீவு இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய்க்கு உதவி உண்டு, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். அதுவும் தவணை தவணையாக. ஆறு மாசக் கூலிக்கு அது ஈடாகுமா?

நம்ம ஆளுங்களையும் விடமாட்டேன். "நடுவுல வீட்டுக்குப் போனா கூலியில பிடிப்பேன்"னு சொல்ற மிராசுகள் இன்னும் இருக்காங்க. எங்க வயல்ல பால் கொடுக்கப் போற நேரத்துக்குக் கூலி பிடிக்கிறதில்லை. அதனால ஒரு முடிச்சு நாத்துகூட நடாம நின்னதில்லை.

வழி தெரியாத ஊரும் இல்லை இது. உலக வங்கிக் கடனோட 1980-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்துல, மாசாமாசம் எடை போட்டு, ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தாங்க. அங்கன்வாடியில இன்னிக்கும் எடை போடுறாங்க. எடை நின்னுபோச்சுன்னா காத்திருக்காம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போங்க.

பட்டணத்து நண்பர்களே, டப்பா அனுப்புறதை நிறுத்துங்க. உங்களுக்குச் சட்டம் கொடுத்த அந்த ஆறு மாசத்தை, உங்க சோத்துக்கு நாத்து நட்டவளுக்கும் கேளுங்க.