காலி மனை என்று ஒன்று கிடையாது

சிம்ஸ் விளையாட்டில் வீடு கட்டும் பிள்ளைகளை "வெட்டி வேலை" என்று திட்டுகிற அப்பாக்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "என் பொண்ணு ஆர்க்கிடெக்ட் ஆகப் போறா" என்று வாட்ஸப்பில் படம் போடுகிற அப்பாக்களோடும் உண்டு. இரண்டாவது கோஷ்டியோடு கொஞ்சம் அதிகம்.

முதல் கோஷ்டிக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய வீட்டின் படத்தை வைத்துக்கொண்டு, சுவர் எங்கே, ஜன்னல் எத்தனை என்று எண்ணி எண்ணித் திரையில் எழுப்புவதற்குப் பொறுமை வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது இல்லை. விடுங்கள்.

செம்பூர், மான்குர்டு பக்கம் எனக்குத் தெரிந்த மூன்று நாலு தமிழ் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கட்டிக்கொண்டிருப்பது லஸ்ட்ரான் வீடு. என் மகளும்தான். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்பவர் தொழிற்சாலையில் செய்து லாரியில் அனுப்பிய இரும்பு வீடு. நம் வீட்டு எனாமல் தட்டு மாதிரியே எனாமல் பூசிய தகடு. ஆணி அடிக்க முடியாது, காந்தம் வைத்துத்தான் படம் மாட்ட வேண்டும். சுமார் 2,500 வீடுகள் அனுப்பிவிட்டு 1950-ல் கம்பெனி திவால். அழகான வீடுதான், மறுக்கவில்லை.

என் கேள்வி வேறு. அதே வருஷங்களில் நம் நாட்டிலும் தொழிற்சாலையில் வீடு செய்தார்கள் என்று இந்த அப்பாக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹிட்லருக்குத் தப்பி வந்து 1939 முதல் மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஜாம்ஷெட்பூருக்கும் புவனேஸ்வருக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தவர். பிரிவினையில் வந்து குவிந்த அகதிகளுக்குச் சீக்கிரம் வீடு வேண்டும் என்று நேரு அரசு டெல்லியில் ஒரு வீட்டுத் தொழிற்சாலை வைத்தது. பொறுப்பு இவரிடம். நுரைக் கான்கிரீட்டில் பலகை வார்த்து, கொண்டுபோய் நிறுத்திப் பூட்டினால் வீடு. காகிதத்தில் அருமை. நிஜத்தில் பலகைகள் விரிசல் விட்டன. நாடாளுமன்றத்தில் கிழித்தார்கள். மனுஷர் 1951-ல் லண்டனுக்குப் போய், வெப்பநாட்டுக் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் பெரிய ஆசிரியர் ஆனார். தொழிற்சாலை கரண்டு கம்பமும் ரயில் ஸ்லீப்பர் கட்டையும் வார்த்துப் பிழைத்தது; 1978-ல் ஹிந்துஸ்தான் பிரீஃபேப் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. தோற்றுப்போன அமெரிக்க வீடு நம் பிள்ளைக்கு "கிளாசிக்". தோற்றுப்போன நம் வீடு யாருக்கும் நினைவில்கூட இல்லை. இது பிள்ளையின் குற்றமா? நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

"விளையாட்டில் எதற்கய்யா அரசியல்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த விளையாட்டை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கையில் 20,000 சிமோலியன் கொடுத்து, காலி மனையைக் காட்டி ஆரம்பிக்கிறது. வீடு பிடிக்கவில்லையா, ஒரே பொத்தானில் புல்டோசர். குடும்பம் வேண்டாமா, வெளியேற்ற இன்னொரு பொத்தான். தரையில் ஒருவர் படுத்தால் பெரும்பாலும் அது தூக்கம் இல்லை, களைத்து விழுந்துவிட்டார் என்று அர்த்தம். பாய் விரித்து ஆறு பேர் வரிசையாகப் படுத்து வளர்ந்த கூட்டம் நாம் :-)

நான் இதை எழுதுவது டிராம்பேயில் இருந்துகொண்டு. இங்கே காலி மனை என்று ஒன்று இருந்ததே இல்லை. மான்குர்டு பக்கம் ஜனதா காலனி இருந்தது. 1950களில் பம்பாய் மாநகராட்சியே நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து விட்ட ஜனங்கள். தமிழர்கள் ஏராளம். பிறகு அணுசக்தி மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்றார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் வருஷக்கணக்கில் போராடினார். 1976, நெருக்கடிநிலை. சுமார் 70,000 பேரைக் கிளப்பி, கடலோரச் சேற்று நிலத்தில் குடும்பத்துக்குப் பத்துக்குப் பதினைந்து அடி என்று இடம் கொடுத்தார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப். அந்தப் பொத்தானை அழுத்தியவர்களுக்கும் அது காலி மனையாகத்தான் தெரிந்திருக்கும். நானும் பால்கனி வைத்த பிளாட்டில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். அதனால் இது பொய்யாகிவிடாது.

அற்புதம் அவர்களுக்கு 2000-ல் மகசாய்சாய் விருது கிடைத்தது, 2018-ல் காலமானார். அவருடைய கூட்டாளிகளான பைகுல்லா நடைபாதைப் பெண்கள், மகிளா மிலன் அமைப்பினர், 1980களில் செய்ததைத்தான் நம் ஆர்க்கிடெக்ட் அப்பாக்களுக்குச் சொல்ல வேண்டும். சேலையால் அளந்து, துணியும் கம்பும் அட்டையும் வைத்து நிஜ அளவில் மாதிரி வீடு நிறுத்தினார்கள். உள்ளே போய் நின்று பார்த்து, எங்கே சமைப்பது, எங்கே படுப்பது, பரண் எவ்வளவு உயரம் என்று தாங்களே முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத சிம்ஸ். அதில் குடியிருக்கப் போகிறவள்தான் வீட்டை வரைந்தாள் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே லஸ்ட்ரானை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. கூடவே இதையும் கட்டு என்கிறேன். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் எங்கும் பழைய சால்களும் காலனிகளும் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மாமாவோ சித்தியோ அப்படி ஒரு வீட்டில் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போய் அளந்துவிட்டு வாருங்கள். குழாய் எந்த மூலை, சாமி படம் எந்தச் சுவர், எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சீத்தா கேம்ப் அளவை எடுத்து ஆரம்பித்துவிட்டாள். ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று வைத்தால் மூன்றுக்கு ஐந்து, மொத்தம் பதினைந்து கட்டம். இரட்டைக் கட்டில் ஒன்றே ஆறு கட்டத்தை விழுங்கிவிடுகிறது. "அப்பா, மீதி பேர் எங்கே படுப்பாங்க?" என்று கேட்டாள். பாட்டியைக் கேள் என்றேன்.