பைசெக்ட் போட்டால் போதுமா?
கெர்னல் புதுப்பித்தபின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் பைசெக்ட் போடு (பழைய, புதிய பதிப்புகளுக்கு நடுவே பாதி பாதியாகச் சோதித்து, கோளாறு செய்த மாற்றத்தைத் தேடுவது), குற்றவாளி மாட்டுவான் என்கிறார் நண்பர். மாட்டுவான், பிறகு?

2011இல் வந்த லினக்ஸ் 2.6.38ஐப் பார்ப்போம். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளின் மின்செலவைக் குறைக்கும் ஏஎஸ்பிஎம் வசதி இல்லை என்று பயாஸ் சொன்னால், கெர்னல் அதை அடியோடு அணைத்தது. சொல்பேச்சு கேட்டதில் என்ன தப்பு? பல மடிக்கணினிகளில் அதே பயாஸ்தான் அந்த வசதியை ஏற்கெனவே இயக்கியும் வைத்திருந்தது! (பயாஸ் எழுதுபவர்களை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம்.)

பைசெக்ட் அப்படி அணைக்கச் சொன்ன மாற்றத்தைக் காட்டும். 'இல்லை' என்றால் 'தொடாதே' என்றுதான் பொருள் என்பதைக் காட்டாது. அதைக் கெர்னல் நிரலர் மேத்யூ காரெட் ஊகித்தது, விண்டோஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று விளக்கிய மைக்ரோசாஃப்டின் விளக்கவுரை ஒன்றைப் படித்து. திருத்தம் 3.3இல்தான் சேர்ந்தது.