தங்கம் உங்களுடையது, நகம் சர்க்காருடையது

பழைய புலிநக டாலர் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் கூட்டைத்தான். மெல்லிய தகட்டைக் குழித்து, நகத்தின் அடிப்பக்கத்துக்கு ஏற்றபடி தொப்பியாக வளைத்து, விளிம்பைச் சுற்றி முறுக்குக் கம்பி ஓட்டியிருப்பார்கள். நெற்றியில் ஒரு சிவப்புக் கல், தலையில் வளையம். இரட்டை நகமாக இருந்தால் இரண்டு கூடும் சேரும் இடத்தில் ஒரு பூவோ கிளியோ இருக்கும். பொடி வைத்து ஊதுகிற வேலை முழுக்க நகம் உள்ளே போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நெருப்புப் பட்டால் நகம் கருகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு கூட்டுக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, அது இளகி இருக்கும்போதே நகத்தைச் செருகி, விளிம்பை அழுத்தித் தேய்த்துவிடுவார்கள். அறுபது, எழுபது வருஷம் ஆனாலும் அசையாது. நல்ல ஆசாரியின் கை எது என்பதை அந்த விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அல்லிநகரத்தில் நகை மதிப்பீடு என் தொழில். அடகுக்கு வரும் நகையில் கல், அரக்கு, மெழுகு எல்லாவற்றையும் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் எடை சொல்ல வேண்டும். பெரியகுளம் பக்கமிருந்தும் கம்பம், சின்னமனூர், போடிப் பக்கமிருந்தும் எப்போதாவது இப்படி ஒரு டாலர் வந்து நிற்கும். ‘எங்க அப்பத்தா கழுத்துல கெடந்ததுண்ணே, அதுக்கு முன்னாடி அவுக அப்பாவோடது’ என்பார்கள். தராசில் வைக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘ஏண்ணே, தங்கம் நல்ல தங்கந்தானே?’ நல்ல தங்கம்தான். அதில் சிக்கல் இல்லை. உள்ளே இருப்பது நிஜமான நகமாக இருந்தால், அதை வைத்திருப்பதும் கைமாற்றுவதும் சிறையில் கொண்டுபோய் விடும்.

1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைப் பொருள் என்று சொல்வதில் தோலும் தந்தமும் மட்டும் இல்லை. ரோமம், இறகு, நகம், பல், எலும்பு எல்லாமே அதில் வந்துவிடும். சட்டம் வந்தபோது கையில் இருந்ததை அரசிடம் அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். 2003இல் மத்திய அரசு இன்னொரு தடவை 180 நாள் அவகாசம் கொடுத்தது. வருசநாட்டு மலையடிவாரத்தில் எத்தனை வீட்டுக்கு அந்தச் செய்தி போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சான்றிதழ் இல்லாத நகம் அரசின் சொத்து என்பது 39ஆம் பிரிவின் சாரம். அரசின் சொத்தை வைத்திருந்தாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம், அழித்தாலும் சேதப்படுத்தினாலும் குற்றம். புலி முதல் அட்டவணையில் இருப்பதால் தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை. 2022இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

ஆக, ஒரே டாலரில் இரண்டு சொத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடு குடும்பத்துடையது, நகம் சர்க்காருடையது. பயந்துபோனவர்கள் அதை அப்படியே பீரோவின் அடித்தட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பயமில்லாதவர்கள் பட்டறையில் கொடுத்து நகத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தங்கத்தை உருக்குகிறார்கள். முதல் வழியில் குற்றம் பேரன் தலைக்கு இறங்குகிறது. இரண்டாவதில் சட்டப்படி இன்னொரு குற்றம் சேர்வதோடு, அந்தக் கூட்டு வேலையும் உலையில் போய்விடுகிறது.

இந்த வழக்கம் எங்கள் ஊரில் முளைத்ததல்ல. புலிப்பல் கோத்த தாலி குழந்தை கழுத்தில் கிடந்ததை அகநானூறு காட்டுகிறது. பிள்ளை பயப்படக் கூடாது, காத்துக் கருப்பு அண்டக் கூடாது என்று அரைஞாணில் கட்டுவார்கள். அதை மோஸ்தர் நகையாக்கிப் பெருவியாபாரம் செய்தது வெள்ளைக்காரர் காலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் சீமாட்டிகளுக்காக நெக்லஸ், காதணி, மார்பு ஊசி என்று விதவிதமாக நகத்தைத் தங்கத்தில் கட்டிக் கப்பலேற்றினார்கள். புலியின் தோள் தசைக்குள் எந்த எலும்போடும் சேராமல் கிடக்கும் சிறிய காறை எலும்பையும் விடவில்லை. அதிர்ஷ்ட எலும்பு என்று பெயர் வைத்து அதற்கும் தங்க ஊசி போட்டார்கள். தோலுக்குத் தனி அலங்காரம். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை ஏறக்குறைய நூறு வருஷம் நடந்து 1999இல் மூடியது. 40,000க்கும் மேற்பட்ட புலி, சிறுத்தைகள் அந்தப் பட்டறையைக் கடந்துபோயிருக்கின்றன. தோலுக்கு அடியில் கம்பளித் துணி, ஓரத்தில் வளைவு வளைவாக வெட்டிய கரை, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்குள் வண்ணம் பூசிய நாக்கு. பழைய தோல் விரிப்புகளில் நகம் காணாமல் போயிருப்பது சகஜம். அவை யாருடைய கழுத்துக்கோ போயிருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். புலிக்கு முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 நகம். 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 306 புலிகள். அத்தனையையும் கொன்றாலும் 5,508 நகம்தான் தேறும். திருவிழாக் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் ‘ஒரிஜினல்’ என்று விற்கிற நகங்களுக்கு இந்தக் காடுகள் காணாது. பெரும்பாலானவை மாட்டுக் கொம்பு, குளம்பு, இல்லாவிட்டால் அச்சில் வார்த்த ரெசின். ரெசின் சுலபமாக மாட்டிக்கொள்ளும். அச்சு சேர்ந்த கோடு ஓரத்தில் தெரியும். கொம்பில் செதுக்கியதுதான் ஆளை ஏமாற்றும். காய்ச்சிய ஊசியால் தொட்டு முடி கருகுகிற வாசனை வந்தால் அசல் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. கொம்பும் நகமும் ஒரே புரதம். இரண்டும் ஒரே மாதிரிதான் நாறும். நிஜ நகம் எலும்பின் மேல் போர்த்திய உறை, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், அடியில் பள்ளம் ஓடும். ஆனால் கூட்டுக்குள் அரக்கோடு இருக்கிற நகத்தில் இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. முடிவாகச் சொல்ல டேராடூனிலோ ஹைதராபாத்திலோ உள்ள ஆய்வகம்தான் வேண்டும்.

2023 அக்டோபரில் கன்னட பிக்பாஸ் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு போட்டியாளரைக் கழுத்தில் கிடந்த புலிநகத்துக்காக வனத்துறை கைது செய்தது நினைவிருக்கும். அடுத்தடுத்த நாட்களில் திரைப் பிரபலங்கள் சிலரின் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் கேரளத்து ராப் பாடகர் ஒருவர் சிறுத்தைப் பல் டாலரால் கைதாகி ஜாமீனில் வந்தார். இரண்டு தடவையும் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? ‘பழைய மாடல் புலிநகம் கட்டித் தருவீங்களா’ என்று கேட்டுப் பட்டறைகளுக்கு இளவட்டங்கள் வந்தார்கள். கைதுச் செய்தியே விளம்பரமாகிவிட்டது.

புலிநகத்தோடு விஷயம் முடியவில்லை. குமுளிப் பாதையில் யானைமுடி மோதிரம் இன்றும் சாதாரணம். தங்கப் பட்டையில் பள்ளம் எடுத்து வால்முடியைப் பதித்திருப்பார்கள். பாதி நைலான், மீதி சட்டப்படி தப்பு. நரிக்கொம்பு என்று ஒரு கொத்து ரோமத்தில் குங்குமம் அப்பி வெள்ளிச் சிமிழில் அடைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பூணூல் கல்யாணத்தில் பையனின் பூணூலில் கோக்கிற மான்தோல் துண்டைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. வெளிமானும் முதல் அட்டவணைதான். அதே சட்டம் மயில் தோகைக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் பழனிக்குப் போகும் காவடியில் தோகை தைரியமாக ஆடுகிறது. வழக்கத்தோடு அனுசரித்துப்போகச் சட்டத்துக்குத் தெரியும், மனசு வைத்தால்.

என் யோசனை இதுதான். தேனி மாவட்டத்திலாவது வனத்துறை ஒப்படைப்பு முகாம் நடத்தட்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் வனச்சரகர் உட்காரட்டும், பக்கத்திலேயே ஒரு ஆசாரியும் ஒரு மதிப்பீட்டாளரும் உட்காரட்டும். கூட்டை மிதமாகச் சூடு காட்டினால் அரக்கு இளகும், நகம் சேதமில்லாமல் கழன்று வரும். கை பழகியவருக்குச் சில நிமிட வேலை. நகம் உறையில் போய் முத்திரை வாங்கட்டும். தங்கம் எடைச் சீட்டோடு வீட்டுக்குப் போகட்டும். கொம்பென்றும் ரெசினென்றும் ஆய்வகம் சொன்னவற்றுக்கு ‘இது வன உயிரினப் பொருள் அல்ல’ என்று ஒரு கடிதம் கொடுக்கட்டும். அந்தக் கடிதம் இருந்தால் என் போன்றவர்கள் தராசை எடுப்போம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்றால், பாதி இருக்கிறது. 2022 திருத்தத்தில் வந்த 42ஏ பிரிவு, உரிமைச் சான்றிதழ் உள்ளவர் வேண்டாமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவித்து ஒப்படைக்கலாம் என்கிறது, இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லாத அப்பத்தாவுக்கு அது உதவாது. 2024 ஜனவரியில் கர்நாடக அரசு பதிவில்லாத பொருட்களை ஒப்படைக்க 90 நாள் அவகாசம் அறிவித்தது. ஒரு மாநிலம் தனியாக இப்படிச் செய்ய முடியுமா, மத்திய அரசு விதி போட வேண்டுமா என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் முதலில் தீர்த்துவிட வேண்டும். முகாமுக்கு வந்தவரைப் பின்னால் நீதிமன்றத்துக்கு இழுத்தால் அடுத்த முகாமுக்கு ஒரு ஆள் வர மாட்டார்.

வனக்காரர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். அவகாசம் கொடுத்தால் நேற்றுக் கொன்ற புலியின் நகமும் தாத்தா காலத்துக் கணக்கில் ஏறிவிடும். நியாயமான பயம்தான், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்ட பிறகு எங்கள் மலையில் காவல் இறுகியிருக்கும்போது அந்த ஓட்டையைத் திறக்கக் கூடாது. ஆனால் அந்த ஓட்டை ‘அறிவித்துவிட்டு வைத்துக்கொள்’ என்ற பழைய முறையில் இருந்தது. நான் சொல்வது கொடுத்துவிட்டுப் போவது. திருப்பிக் கிடைக்காத பொருளை வெளுக்கக் கள்ள வேட்டைக்காரன் எதற்கு வரிசையில் நிற்கப் போகிறான்?

மக்கள் இந்த அலங்காரத்தை விடவே மாட்டார்கள் என்பவர்களுக்குத் திபெத்தைக் காட்டுவேன். திபெத்தியர்களின் நீண்ட அங்கிக்குப் புலித்தோலிலும் சிறுத்தைத் தோலிலும் கரை வைப்பது கௌரவமாக இருந்தது. 2006 ஜனவரியில் ஆந்திரத்தின் அமராவதியில் நடந்த காலசக்ர விழாவில் தலாய் லாமா அதை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். சில வாரங்களில் திபெத்தில் ஊர் ஊராகத் தோல்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். தென்னாப்பிரிக்காவின் ஷெம்பே சபையில் வழிபாட்டு நடனத்துக்குச் சிறுத்தைத் தோல் மேலாடை வேண்டும். அங்கே பாந்தெரா என்ற அமைப்பு, 2013 முதல் சிறுத்தைப் புள்ளி அச்சிட்ட செயற்கைத் தோலை ஆயிரக்கணக்கில் கொடுத்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டே ஆடுகிறார்கள். ஒரு இடத்தில் பெரியவர் சொல் வேலை செய்தது, இன்னொரு இடத்தில் தைத்துக் கொடுத்த துணி. வழக்குப் போடுவதால் மட்டும் இரண்டும் நடந்திருக்காது.

செயற்கை நகத்தையே கூட்டில் பொருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சட்டம் தடுக்காது. எனக்கென்னவோ அதில் முழுச் சம்மதம் இல்லை. அசல் போலவே இருக்கிற போலி தெருவில் நடமாடும் வரை அசலுக்கும் ஆசை இருக்கும், சோதனைச் சாவடியில் தகராறும் இருக்கும். அதைவிடத் தங்கத்திலேயே நகம் செய்து பொருத்துவது மேல். தேனிப் பட்டறைகளில் இது தெரிந்த வேலைதான். தகட்டை இரண்டு பாதியாகத் தட்டி, வளைவு கொடுத்து, உள்ளே வெற்றிடம் விட்டு ஒட்டினால் எடையும் ஏறாது. மேலே நுண்ணிய கோடு கீறி மெருகு போட்டால் பழைய கூட்டில் கச்சிதமாக உட்காரும். அப்பத்தாவின் முறுக்குக் கம்பி, சிவப்புக் கல், கிளி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படிப்பட்ட டாலரை யார் கொண்டுவந்தாலும், அரக்கைக் கழித்துவிட்டு அன்றைய விலைக்கு நான் எழுதித் தருவேன்.

– கட்டுரையாளர், தங்க நகை மதிப்பீட்டாளர், அல்லிநகரம்.